ஆரியங்காவுக் குகையில் என் கை

எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசி மணியில், ஆசிரியர் ஒருவர் தாம் போய் வந்த ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுவது வழக்கம். போன வாரம் தலைமையாசிரியை என்னிடம் வந்தார். செங்கோட்டைக்குப் போய் வந்தீர்களே, அந்த மலை ரயிலின் வரலாறு, அங்கே பார்க்க வேண்டிய இடங்கள் இவற்றைச் சொல்லுங்கள் என்றார். வேறு எதுவும் வேண்டாம் என்பதையும் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

சொன்னேன். கொல்லத்திலிருந்து கிழக்கே மலையைக் குடைந்து பாதை போட்டதையும், இஞ்சினைப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிப் பூட்டினார்கள் என்று அங்கே சொல்லுவதையும் சொன்னேன். பதின்மூன்று கண் பாலத்தைச் சொன்னேன். செங்கோட்டை நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருப்பதைச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். சொன்னதெல்லாம் சரிதான். சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் செங்கல் என்ற ஊருக்கும் நடுவில். வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், ஞாயிற்றுக்கிழமை சபையில் தமிழ்ப்பாட்டு. எதையும் யோசித்துச் செய்ததில்லை. இந்தச் சில வருடங்களாகத்தான், வாயைத் திறப்பதற்கு முன் எதிரில் நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் வருகிறது, அதன் பின்னால் போலீஸ் லாரி வருகிறது. பனச்சமூட்டுச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு விற்கப் போன என் பெரியப்பா மகன் தலையில் கட்டோடு திரும்பினான். அவன் எந்த ஊர்வலத்திலும் போனவன் அல்ல.

எனக்கு ஒரே மகள். நான்காம் பாரம் படிக்கிறாள். ஒருநாள் ஊர்வலம் பள்ளிக்கூடத்தைக் கடந்தபோது பெண்பிள்ளைகள் ஜன்னலில் நின்று கோஷத்துக்குப் பதில் கோஷம் போட்டார்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்த எனக்கு அத்தனை குரல்களில் அவள் குரல் தனியாகக் கேட்டது. மறுநாள் பள்ளிக்கூட வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் தடியோடு நின்றார்கள். அவளை அன்றே வீட்டில் நிறுத்தினேன். அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த என் கொழுந்தன் இதைப் பார்த்தார். அவருக்குச் செங்கோட்டை ரயில் நிலையத்தில், சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் எழுத்து வேலை. "மைனி, பிள்ளைய கொஞ்ச நாளு அங்கோட்டு கூட்டிட்டு வாருங்க. மலையும் அருவியும் பாத்தா மனசு தெளியும்" என்றார். செங்கோட்டையிலும் இதே போராட்டம் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் எல்லாம் அமைதியாக இருக்கும் என்று ஏனோ நம்பினேன்.

கொல்லத்தில் மலை வண்டி ஏறும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். வண்டியில் பேசினால் மலையாளத்தில் பேசு, முடிந்தால் பேசாமலே இரு.

"அப்போ சிரிக்கது எந்தப் பாஷையிலம்மா?" என்று கேட்டாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

எதிர்ப் பலகையில் கதர்ச்சட்டை போட்ட ஒருவர், குடைப்பிடியில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவள் கையில் ஆரஞ்சுத் தோடம்பழம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பாதையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய அப்பா அந்தப் பாலத்துக்குக் கல் உடைத்தவராம். உடன் உடைத்தவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் போய்விட்டார்களாம். நன்றாகவே சொன்னார். புனலூரில் ஒரு போலீஸ்காரர் ஏறிக் கதவோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஏற்றம் தொடங்கியதும் வண்டிக்குப் பின்னாலும் ஓர் இஞ்சின் சேர்ந்து தள்ளியது. தென்மலை தாண்டிப் பாலம் வந்தபோது மகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தானே வந்தோம்.

ஆரியங்காவு தாண்டியதும் புகை உள்ளே வராமலிருக்க எல்லாரும் ஜன்னல் பலகைகளை ஏற்றினார்கள். "குகைக்குள்ள எல்லாரும் கூவணும் மக்கா. அது இங்க வழக்கமாக்கும்" என்றார் கதர்ச்சட்டைக்காரர்.

வண்டி குகைக்குள் நுழைந்தது. பெட்டியில் விளக்கு இல்லை. கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாத இருட்டு. அடுத்த பலகைப் பிள்ளைகள் கூவென்று கத்தினார்கள். பக்கத்தில் என் மகள் மூச்சை இழுப்பது கேட்டது. பிள்ளைகளைப் போலக் கூவத்தான் இழுத்திருப்பாள். என் கை போய் அவள் வாயைப் பொத்தியது. அந்த நேரத்தில் எதிர்ப் பலகையிலிருந்து ஊர்வலத்தில் போடும் அந்தக் கோஷம் எழுந்தது. கரகரத்த ஆண்குரல். இரண்டு தடவை. பெட்டியின் மறுகோடியில் யாரோ பதில் கொடுத்தார்கள்.

வெளிச்சம் வந்தது. எல்லாரும் இருமிக்கொண்டிருந்தோம். போலீஸ்காரர் எழுந்து நின்று, கூவியது யார் என்று மலையாளத்தில் கேட்டார். அவர் கண் ஒவ்வொரு முகமாக வந்து எங்களிடம் நின்றது. என் கை அப்போதும் அவள் வாயின் மேல்தான் இருந்தது.

"நான் கூவல்ல சார்" என்றாள், என் கையை விலக்கிவிட்டு.

"பின்ன அம்மை எதுக்கு வாயப் பொத்துனா?"

அதைத் தமிழில் கேட்டார். எங்கள் ஊர்த் தமிழ். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆள் என்பது அந்த ஒரு பேச்சிலேயே தெரிந்துபோயிற்று. எங்கள் ஆற்றில் குளித்து வளர்ந்த மனிதர். நான் பள்ளிக்கூட ஆசிரியை, கூவியது ஆண்குரல், பெட்டியில் எல்லாருக்கும் அது தெரியும் என்றேன்.

"டீச்சராக்கும்? பள்ளிக்கூடத்துல கூவப் படிப்பிச்சிட்டு ரயில்ல வாயப் பொத்துதியளோ?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கதர்ச்சட்டைக்காரர் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோடம்பழம் என் மகள் மடியில் இருந்தது.

செங்கோட்டையில் எங்களை இறக்கி ரயில் மேடையோரம் நிறுத்தினார்கள். கொழுந்தன் ஓடி வந்து, என் அண்ணன் மகள், சின்னப்பிள்ளை என்று கெஞ்சினார். ரயில் நிலையத்தில் ஓர் ஏட்டு இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அலுப்போடு, அவளைக் கூவச் சொல்லு, அதே குரல்தானா என்று கேட்டுப் பார்ப்போம் என்றார்.

கூவவில்லை என்று காட்டுவதற்காகக் கூவ வேண்டும். இதைச் சொன்னவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்த மேடையைப் பெயர்த்து அவர்கள் தலையில் போட வேண்டும் போல இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தோடம்பழத்தை எங்கள் துணிப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, அந்தக் கோஷத்தை முழுவதும் சொன்னாள். குழந்தைக்குரல், கடைசியில் நடுங்கியது. குழாயடியிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களிடமிருந்தும் ஒரே குரலாகப் பதில் வந்தது. எங்கள் போலீஸ்காரர் திசைக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஏட்டு அவரை முறைத்துவிட்டு, இது வேறு குரல், போகச் சொல்லு என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த மேடையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. கதர்ச்சட்டைக்காரர் எப்போதோ வாசலைக் கடந்து போயிருந்தார்.

அதன் பிறகுதான் ஊரைப் பார்த்தோம். சங்கு முத்திரை வளைவு, குற்றாலத்து அருவி, தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் மலை. கொழுந்தன் கை காட்டிய பக்கமெல்லாம் என் மகள் பார்த்தாள். தலையாட்டினாள். அருவியைப் பார்த்ததற்கும் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்ததற்கும் அவள் முகத்தில் வித்தியாசம் இல்லை.

ஊர் திரும்பியதும் வீட்டுக்காரர் முதல் சபையில் பிரசங்கம் செய்கிற ஐயர் வரை எல்லாரும் ஒன்றையே சொல்லுகிறார்கள். நீ வாயைப் பொத்தாமலிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. அதை நான் ஏற்க மாட்டேன். பெற்ற பிள்ளையின் வாய்க்கு இருட்டிலும் தேடாமல் போகும்படி என் கையைப் பழக்கியது யார்? வாசலில் தடியோடு நின்றவர்களைக் கேளுங்கள். இருட்டில் வீரமும் வெளிச்சத்தில் குடைப்பிடியுமாக இருந்தவரைக் கேளுங்கள். என்னைக் கேட்க வேண்டாம்.

திரும்பும் வண்டியில், பகவதிபுரம் தாண்டி ஜன்னல் பலகைகளை ஏற்றத் தொடங்கியதுமே, மகள் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கூவு மக்கா. நான் பொத்த மாட்டேன்" என்றேன்.

"நீங்க பொத்த மாட்டிய. கை பொத்தும்."

குகை வந்தது. பெட்டி முழுவதும் பிள்ளைகள் கூவினார்கள். அவளிடமிருந்து மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகும் பிடியை விடவில்லை. பாலம் வந்தபோது அவள் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. தென்மலை வரைக்கும் என் கைகள் அவள் மடியில்தான் கிடந்தன.