மடத்தில் நடந்த மூச்சுப் போட்டி

ஒரு றாத்தல் பாணுக்கு விடியமுன்னே பேக்கரி வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. நயினாதீவில் ஒரு மடத்தில் ஒரு கிழமை தங்கி மூச்சுப் பயிற்சி செய்தால் மனப்பாரம் இறங்கும் என்று கேள்விப்பட்டேன். உடனே, பங்குச் சுவாமியிடம் மூச்சுக் காட்டாமல், என் கணவரை இழுத்துக்கொண்டு படகேறிவிட்டேன். செபமாலை இடுப்பில் பத்திரமாக இருந்தது. மாதா கோபித்தால் பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் சிரிக்க வேண்டும். சங்கு குளிக்கப் போன இடத்தில் தன் தம்பியைக் கடலுக்குக் கொடுத்த நாளிலிருந்து அவர் கடலில் இறங்கவில்லை, அழவில்லை, சிரிக்கவும் இல்லை. நானோ செத்த வீட்டிலும் சிரிப்பை அடக்க ஏலாத பிறவி. அப்படியொரு முகத்துக்கு முன்னால் தினமும் சோறு போடுவது எனக்குப் பெரிய தண்டனை.

மடத்தில் மீன் இல்லை, பேச்சும் கூடாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பயிற்சி தந்த சாமியார் மெல்லிய குரலில் பேசும் நல்ல மனிதர். முதல் நாள் காலையில் மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விடச் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது, விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது, காரணமே இல்லாமல் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்த அக்காவுக்கும் அதே கதி. ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம்.

பிறகு சாமியார், "இப்ப உள்ள இழுத்து, ஏலுமட்டும் பிடிச்சிருங்கோ" என்றார்.

கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேர் எங்கள் தீவுகளின் சங்கு குளிக்கிறவர்கள். இந்தப் பயிற்சியால் கடலடியில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று நம்பி வந்தவர்கள். அவர்களில் இரண்டு பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்தாலே அது போட்டி. முதலில் விட்டவன் மற்றவனுக்குக் கள்ளு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பெண்கள் எல்லோரும் விட்டாயிற்று. அந்தப் பக்கம் ஒருவரும் விடவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் அடுத்தவனை உளவு பார்த்தபடி இருந்தார்கள். என்னவரும்தான். "பிடிச்சது காணும், விடுங்கோ" என்று சாமியார் ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கெஞ்சினார். பாவம், அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

என் வாய் சும்மா இருக்குமா?

"இஞ்சாருங்கோ, கள்ளை நான் வாங்கித் தாறன். மூச்சை விடுங்கோ."

அவர் வெடித்துச் சிரித்தார். அது மண்டபம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. சாமியார்கூடத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. வந்த காரியம் முதல் நாளே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எல்லோரும் ஓய்ந்த பிறகும் அவர் ஓயவில்லை. பார்த்தால், அழுதுகொண்டிருந்தார். நான் ஆண்கள் பக்கம் போய் அவர் அருகில் இருந்தேன். ஒருவரும் தடுக்கவில்லை.

"கடலடியிலயும் எங்களுக்கு இதே போட்டிதான். எப்பவும் தம்பிதான் முதல் மேல வாறவன்" என்றார். "அண்டைக்கு நான் முதல் வந்தனான். ஒருக்காலாவது அவன் என்னை வெண்டிட்டான் எண்டு, வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சனான். அவன் வருவான், வருவான் எண்டு கனநேரம் சிரிச்சுக்கொண்டே நிண்டனான்."

"ஒருக்காச் சிரியுங்கோவன்" என்று இவ்வளவு காலமும் அவரை அரித்தெடுத்தவள் நான். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.