நீர்க்காகங்கள் மேல் போட்ட பழி

வாசலூர்பட்டி படகுத்துறை டீக்கடையில் மார்கழி பிறந்தால் ஒரே பேச்சுதான். நீர்க்காகம் பெருத்துவிட்டது, ஏரி மீனையெல்லாம் அதுதான் காலி செய்கிறது என்பார் ஒருவர். இப்படியே விட்டால் ஏரியில் என்ன மிஞ்சும் என்பார் இன்னொருவர். பஸ்ஸுக்காக நானும் அங்கேதான் நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். ஒரு காலத்தில் அந்தப் பறவைகளை என்னைப் போலத் திட்டியவள் இந்த மலையிலேயே கிடையாது.

என் வீட்டுக்காரர் போர் லாரியில் வேலை பார்த்தவர். வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். வந்த புதிதில் காது மந்தமாக இருக்கும், எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். நான் சாதாரணமாகப் பேசுவது கேட்க ஆரம்பிக்கிற நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். என் இளமை முழுக்க இப்படித்தான் போனது, அதில் எனக்குக் கோபம் உண்டு.

ஒரு பொங்கலுக்கு வந்தவர், "இனிமே போகலை புள்ள. நம்மூரு ஏரியில மீன் வளத்தலாம்னு இருக்கறேன்" என்றார். எங்கள் ஊருக்குக் கீழே சின்னதாக ஓர் ஏரி உண்டு. ஊரில் கேட்டுச் சம்மதம் வாங்கினார். மழைக்குப் பிறகு கட்லாவும் ரோகுவும் குஞ்சுகளாகக் கொண்டுவந்து விட்டார். படகுத்துறைக் கடைகளில் வறுக்கிற மீனெல்லாம் மலைக்குக் கீழேயிருந்து வருகிறது, அதை நாமே கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். மீன் கைகொடுத்தால் ஊரோடு இருப்பார், கைவிட்டால் மறுபடியும் லாரிதான். இதை அவரே சொல்லியிருந்தார்.

அந்த மாதமே நான் இதே மலையில் வளப்பூர் நாட்டிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கிணற்றில் ஜிலேபி மீன் மண்டிக் கிடக்கும். தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று, எந்தத் தண்ணீரைக் கண்டாலும் நாலு மீனைப் பிடித்து விடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். தூக்குப்போசியில் பத்துப் பன்னிரண்டு மீனைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வளைவுக்கு வளைவு தண்ணீர் சிந்திச் சேலையெல்லாம் நனைந்தது. ஏரியில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

முதல் வருஷம் கட்லா எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. அதே சமயம் ஏரிக்கரையில் எங்கள் பலாமரத்தில் நீர்க்காகங்கள் கூடு கட்ட ஆரம்பித்தன. அடுத்த வருஷம் மரமே கறுப்பாகிவிட்டது. எச்சம் பட்டு இலை கருகியது, மரத்தில் ஏற்றியிருந்த மிளகுக்கொடி வெளுத்துப்போனது. வேறு யாரைத் திட்டுவது? தினமும் கரையில் நின்று தகரத்தைத் தட்டினேன்.

"கெளைய வெட்டி உட்டுருங்க" என்றேன்.

"குஞ்சு இருக்குது புள்ள. பறந்து போவட்டும், அப்பறம் பாக்கலாம்."

"பறக்கற வரைக்கும் அதுக்கு மீன் போடுவீங்களாக்கும். அப்பறம் நீங்க லாரிக்குப் போயிருவீங்க. என்னைய ஆரு பாக்கறது?"

மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு மரமேறினார்.

கூட்டோடு குஞ்சுகள் கீழே விழுந்தன. இறக்கை முளைக்காத, பார்க்க அசிங்கமான குஞ்சுகள். பயத்தில் வயிற்றிலிருந்ததையெல்லாம் கக்கின. அவர் இறங்கிவந்து, கக்கிய மீன்களை ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அத்தனையும் விரல் நீள ஜிலேபி. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு கட்லாக் குஞ்சுகூட இல்லை.

"இது நம்ம உட்ட மீனில்லையே. எங்கிருந்து வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குப்போசி ஞாபகம் வந்தது. "மழத்தண்ணியில வந்திருக்குமுங்க" என்றேன். அவர் நம்பினார். இரண்டு குஞ்சுகளைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே மீனைப் பிய்த்து ஊட்டிப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் இரண்டும் செத்துப்போயின. தாய்ப்பறவைகள் நாலைந்து நாள் ஏரியைச் சுற்றிவிட்டு எங்கேயோ போயின.

ஆடியில் வலை இழுத்தோம். வலை கிழிகிற அளவுக்கு மீன், எல்லாம் உள்ளங்கையைத் தாண்டாத ஜிலேபி. கடைக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். வலை இழுக்கக் கீழ்நாட்டிலிருந்து வந்த மீன்காரர்தான் சொன்னார்: "ஜிலேபி பூந்துட்டா மத்த மீனை வளர உடாதுங்க. நண்டும் சிண்டுமா இருக்கறப்பவே அதத் தின்னு கொறைக்கறது நீர்க்காக்காதான். அதையுந் தொரத்திப்புட்டீங்களே."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மீன்காரர் போன பிறகு, "எனக்குப் பூமியத் தொளைக்கத்தான் தெரியும் புள்ள, தண்ணியப் பத்தி ஒண்ணும் தெரியல. பச்சக் குஞ்சுகளக் கொன்ன பாவம் வேற" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தேன். நான் சொல்லாமலேயே போய்விட்டார், அந்த வாரமே, அதே லாரிக்கு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். ஊருக்கு எப்போது வருவீர்கள் என்றால் பேச்சை மாற்றுவார். அந்த ஏரியைப் பார்க்கிற தெம்பு தனக்கு இல்லை என்று ஒருநாள் சொன்னார். போன மாதம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அந்த ஜிலேபிய ஏரியில உட்டது நாந்தானுங்க. எங்கம்மா ஊட்டுக் கெணத்துல புடிச்சாந்தேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

லாரி இரைச்சலுக்கு நடுவே அவர் லேசாகச் சிரித்தார்.

"என்னைய ஊட்டுக்கு வரவெக்க நீ என்ன வேணாலுஞ் சொல்லுவ புள்ள. வெட்டுனது எங்கையி. அந்தப் பாவத்த நீ எடுத்துக்காத."

நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறும் சொன்னேன், அதற்கடுத்த ஞாயிறும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் என்னை இன்னும் நல்லவள் என்று நினைத்துக்கொண்டே போகிறார்.