லாவெர்ன் உன்ரூவின் முப்பது நிமிடங்கள்

மௌண்ட்ரிட்ஜ் மெனோனைட் தேவாலயத்தின் நிலவறையில் வருடத்துக்கு இரண்டு முறை பெருவிருந்து நடக்கும். பதினோரு வீடுகளிலிருந்து கோழியும் பன்றித் தொடையும் வேகும் பதினோரு பெரிய மின்சாரப் பானைகள் வரும். ஒவ்வொன்றும் பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருப்பவை ஆறு பிளக்குகள். எந்தப் பானை எந்தப் பிளக்கில், எத்தனை மணிக்கு, எதைப் பிடுங்கிய பிறகு எதைச் செருகுவது என்று ஒரு தாள் கதவில் ஒட்டியிருக்கும். அதை எழுதுகிறவர் லாவெர்ன் உன்ரூ. ஒரே ஒரு வருடம் அவர் ஊரில் இல்லை. அந்த வருடம் கோழி பாதி வெந்த நிலையில் ஜெபம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் தாளை யாரும் மீறுவதில்லை, பாஸ்டரின் மனைவி உட்பட.

வாரநாட்களில் அவர் இதே வேலையை விமானங்களுக்குச் செய்தார். அதற்குச் சம்பளம் உண்டு.

விச்சிட்டாவின் மேற்குப் பக்கம், ஓடுபாதையை ஒட்டி, சிறிய ஜெட் விமானங்களைப் பிரித்து மாற்றிக் கட்டும் ஒரு கம்பெனி. ஒரு முதலாளிக்குப் படுக்கை வேண்டும், இன்னொருவருக்குக் காப்பி இயந்திரம் வேண்டும், மூன்றாமவருக்குப் பெரிய திரை வேண்டும். மின்சாரம் குடிக்கும் எந்தப் பொருளும் விமானத்துக்குள் காலெடுத்து வைக்கும் முன் லாவெர்னின் அட்டவணைக்குள் காலெடுத்து வைக்க வேண்டும். அட்டவணையில் நான்கு கட்டங்கள்: பொருள், ஆம்பியர், மின்சாரம் எந்தச் செப்புப் பட்டையிலிருந்து, என்ன நோக்கம். நோக்கத்துக்கு ஒரே ஒரு சொல்தான் எழுதுவார். முப்பத்தொரு வருடத்தில் அவர் அட்டவணை ஒன்றுகூடத் திருத்தச் சொல்லித் திரும்பி வந்ததில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு வருடம் ஜனவரியில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. கான்சாஸின் மேற்குக் கோடியில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளை விச்சிட்டாவுக்குக் கொண்டுவர அவர்கள் பழைய புரொப்பல்லர் விமானம் ஒன்றை வைத்திருந்தார்கள். கார்டன் சிட்டியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எட்டு இருக்கை ஜெட் ஒன்றில் இன்குபேட்டரை வைத்துக் கட்டினால் நாற்பது நிமிடம். ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தார்கள். ஜெட்டின் இரண்டு ஜெனரேட்டர்களும் ஒரேயடியாகச் செத்தாலும் குழந்தையின் கருவிகள் நிற்கக் கூடாது. பிப்ரவரி முடிவதற்குள் நிரூபித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பழைய விமானத்தின் குத்தகையை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிப்பார்கள்.

பார்க்க வந்தவர் தலைமைப் பறக்கும் நர்ஸ் மரிசேலா ஓர்னெலஸ். ஊர் டாட்ஜ் சிட்டி. வயது நாற்பத்தாறு. உட்காரும் முன்பே கேட்டார்.

"மிஸ்டர் உன்ரூ, ரெண்டு ஜெனரேட்டரும் போச்சுன்னா எனக்கு என்ன மிஞ்சும்?"

"பேட்டரி, மேம்."

"எவ்வளவு நேரம்?"

"முப்பது நிமிஷம். அதுக்குள்ள பைலட் எங்கயாவது இறக்கிடணும்."

"இறக்கலைன்னா?"

"அதுக்கு அட்டவணை கிடையாது, மேம்."

லாவெர்ன் ஒரு தாளில் படம் போட்டார். இரண்டு எஞ்சின்களிலும் ஆளுக்கொரு உருளை. எஞ்சின் படுத்திருக்கும்போது அதை எழுப்பிவிடும் மோட்டார் அதுதான்; எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே உருளை ஜெனரேட்டராக மாறி, எழுப்பிவிட்ட கடனை இருபத்தெட்டு வோல்ட்டில் திரும்ப வாங்கிக்கொள்ளும். முந்நூறு ஆம்பியர் வரை கொடுக்கும். அந்த மின்சாரம் இடது, வலது என்று இரண்டு செப்புப் பட்டைகளுக்குப் போகும். பட்டையிலிருந்து பிரேக்கர் வழியாக ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வயர். ஒரு ஜெனரேட்டர் போனால் மற்றது இரண்டு பட்டைகளையும் தாங்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது, காப்பி குடிக்கிறவரைத் தவிர; காப்பி இயந்திரத்தை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

"இரண்டும் போனா பேட்டரி மேல பாரம் விழும்," என்றார் லாவெர்ன். "எல்லாத்தையும் அப்படியே ஓட விட்டா பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல பேட்டரி காலி. அதனால பைலட் இந்த சுவிட்சை அவசரம்ங்கிற பக்கம் தள்ளுவாரு. அப்போ பெரிய பட்டைங்க ரெண்டும் செத்துடும். இதோ, இந்தச் சின்ன பட்டை மட்டும் உசிரோட இருக்கும். அவசரப் பட்டை. ஒரு ரேடியோ, வழி காட்டுற கருவி ஒண்ணு, ப்ளேன் சாயுதான்னு காட்டுற செயற்கை அடிவானம், விமானிக்கு ஒரு விளக்கு. அவ்வளவுதான்."

"என் இன்குபேட்டர்?"

"அதை அங்க ஏத்தணும். அதுதான் என் வேலை."

கணக்கு இப்படி இருந்தது. பேட்டரி நாற்பத்து நாலு ஆம்பியர்-மணி. பழசாகும், குளிரும் என்று லாவெர்ன் முக்கால் பங்கை மட்டுமே நம்புவார்: முப்பத்து மூன்று. விமானி விஷயத்தைப் புரிந்துகொண்டு சுவிட்சைத் தள்ள ஐந்து நிமிடம் ஆகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் பெரிய பட்டைகள் பன்னிரண்டரை ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும். மீதியை வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் ஓட்ட, அவசரப் பட்டையில் நாற்பத்தொன்பது ஆம்பியருக்கு மேல் இருக்கக் கூடாது. ஏற்கெனவே இருப்பது நாற்பத்து நாலு.

மிச்சம் ஐந்து. இன்குபேட்டர் செய்தவர்களின் தாளில் பதின்மூன்று என்று போட்டிருந்தது.

"பதிமூணா?" மரிசேலா சிரித்தார். "அந்தத் தாளை எழுதினவன் இன்குபேட்டரை மேசை மேல வெச்சுப் பார்த்திருப்பான். நாங்க சின்ன ஊரு ஆஸ்பத்திரியில ஒன்றரை மணி நேரம் நிப்போம். ஆம்புலன்ஸ் பிளக் பாதி நாள் வேலை செய்யாது. ப்ளேனுக்கு வந்து சேர்றப்போ அதோட சொந்த பேட்டரி செத்துக் கெடக்கும். அதைச் செருகின உடனே சூடும் பண்ணும், சார்ஜும் ஏத்தும். போய் அளந்து பாருங்க."

அளந்தார்கள். பத்தொன்பது.

கருவி செய்தவர்களின் தாள் பொய் சொல்லும் என்று லாவெர்ன் அதுவரை நினைத்ததில்லை. அன்று புதன்கிழமை, கம்பெனி உணவகத்தில் மிளகாய்க் குழம்பும் சினமன் போட்ட இனிப்பு ரொட்டியும். ரொட்டியைத் தொடாமல் வைத்துவிட்டார். வயர் வேலை செய்யும் துயி அதை எடுத்துத் தின்றாள்.

அடுத்த இரண்டு வாரம் அவர் ஆம்பியர் பிச்சை எடுத்தார். முதலில் போனது மருத்துவமனையின் தலைமை விமானி கர்ட் ஸ்வோபோடாவிடம். இருவருக்கும் இருபது வருடப் பழக்கம்.

"பெரிய பேட்டரி போடேன்யா," என்றார் கர்ட்.

"பேட்டரி வைக்கிற பெட்டியில இடமில்ல. ரெண்டாவது பேட்டரி போட்டா எடை ஏறும். எந்த நர்ஸை இறக்கி விடட்டும்?"

"என்கிட்ட என்ன வேணும் உனக்கு?"

"விளக்கு. பழைய பல்பைக் கழட்டி எல்.இ.டி. போட்டா ஒரு ஆம்பியர் மிஞ்சும்."

"எடுத்துக்கோ."

"அப்புறம் ரேடியோ. நீ முப்பது நிமிஷமும் பேசிட்டே இருப்பேன்னு கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. கேக்குறதுக்குச் செலவு கம்மி, பேசுறதுக்குத்தான் ஜாஸ்தி. நாலுல ஒரு பங்கு நேரம்தான் பேசுவேன்னு ஒத்துக்கிட்டா ரெண்டு ஆம்பியர் கிடைக்கும்."

"என் பொண்டாட்டியும் இதையேதான் கேக்குறா."

"அவ கேட்டதை எழுத்துல குடுத்தியா?"

"இல்ல."

"எனக்குக் குடு."

கர்ட் எழுதிக் கொடுத்தார். ஐந்து எட்டாயிற்று. பத்தொன்பதுக்கு இன்னும் பதினொன்று வேண்டும். அதற்கு மேல் கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, முடியாது என்று எழுத லாவெர்ன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். எழுதுவதற்கு முன் ஒரு மரியாதைக்காக மரிசேலாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அரை மணியில் அவர் ஹேங்கருக்கே வந்து நின்றார்.

"பத்தொன்பது யாரு கேட்டா?"

"நீங்கதான் மேம். அளக்கச் சொன்னீங்களே."

"அது எப்பவும் இழுக்கிறது. எனக்கு வேண்டியது எதுன்னு நீங்க கேக்கவே இல்லையே. அந்த அரை மணி நேரத்துல சார்ஜ் ஏறி என்ன ஆகப்போகுது? ஏத்தாதீங்க. சூடு? எங்ககிட்ட ஒரு மெத்தை இருக்கு. உள்ள இருக்கிற தகட்டைச் சொடுக்கினா ரெண்டு மணி நேரம் சூடா இருக்கும். கரண்டே வேண்டாம். ஆனா வென்டிலேட்டர் நிக்கக் கூடாது. மருந்து ஏத்துற பம்ப் நிக்கக் கூடாது. மானிட்டர் வேணும்."

லாவெர்ன் பென்சிலை எடுத்தார். வென்டிலேட்டர் இரண்டு, மானிட்டர் ஒன்று, பம்ப் ஒன்று, பேட்டரி மின்சாரத்தைக் கருவிகளுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் தின்பது ஒன்று.

"அஞ்சு," என்றார்.

"முதல் நாள் எத்தனை மிச்சம் இருந்துச்சு?" துயி ஏணி மேலிருந்து கேட்டாள்.

"அஞ்சு."

"ரெண்டு வாரம் ஊரெல்லாம் சுத்தினீங்களே, எதுக்கு?"

"வேலையைப் பாரு."

துயி நாலு நாளில் வயர்களைப் பிரித்துக் கட்டினாள். சூடும் சார்ஜும் பெரிய பட்டையில். மூச்சு, மருந்து, மானிட்டர் மூன்றும் ஒரு சிறிய தனி இன்வெர்ட்டர் வழியாக அவசரப் பட்டையில்.

சோதனை நாள் பிப்ரவரி பத்தொன்பது, காலை பத்து மணி. ஹேங்கருக்குள் விமானம் நின்றது. வெளி மின்சாரத்தைப் பிடுங்கினார்கள். விமானியின் இருக்கையில் கர்ட், பின்னால் மரிசேலா, நடுவில் வோல்ட்மீட்டரோடு லாவெர்ன். இன்குபேட்டருக்குள் ஒரு பயிற்சி பொம்மையும், மூச்சுக் குழாயின் முனையில் நுரையீரலுக்குப் பதில் ஒரு ரப்பர் பையும். மரிசேலா எல்லா ஜன்னல் திரைகளையும் இழுத்து மூடினார். தேவையில்லை என்றார் லாவெர்ன். "எங்களுக்கு அழைப்பு வர்றதுல பாதி இருட்டுலதான்," என்றார் அவர்.

முதல் ஐந்து நிமிடம் எல்லாம் ஓடியது. பிறகு கர்ட் சுவிட்சைத் தள்ளினார். தரைக்கு அடியில் எங்கோ ஒரு ரிலே சுவிட்ச் டக்கென்று மாறியது. விசிறிகள் நின்றன, விளக்குகள் நின்றன, இன்குபேட்டரின் சூடு நின்றது. வென்டிலேட்டர் நிற்கவில்லை. ரப்பர் பை ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. லாவெர்ன் நிமிடத்துக்கு ஒரு முறை வோல்ட்டைச் சொன்னார். முப்பதாவது நிமிடத்தில் பேட்டரி இருக்க வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. முப்பத்து நாலாவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"தேறிடுச்சு," என்றார் கர்ட்.

"இல்ல," என்று இருட்டிலிருந்து மரிசேலா சொன்னார்.

"எது நின்னுச்சு மேம்?"

"எதுவும் நிக்கல. எனக்குக் கண்ணு தெரியல. குழந்தை என்ன நிறத்துல இருக்கு சொல்லுங்க பாப்போம்."

"மானிட்டர்ல நம்பர் இருக்கே."

"குழந்தையோட காலு சில்லுன்னு ஆனா, அதுல மாட்டியிருக்கிற ஆக்ஸிஜன் கிளிப் நம்பரே காட்டாது. அப்போ நான் உதட்டைத்தான் பாப்பேன். ரோஜா நிறமா, நீலமா."

"டார்ச்?"

"ஒரு கை குழாயைப் பிடிச்சிருக்கும். இன்னொரு கை மருந்தோட இருக்கும். டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ரெண்டு தடவை வந்திருக்கேன். என் பல்லை உங்க அட்டவணையில எந்த வரிசையில போட்டிருக்கீங்க?"

லாவெர்ன் அட்டவணையைப் புரட்டினார். கேபின் விளக்குகள், பெரிய பட்டை, நோக்கம்: வசதி. அவருடைய கையெழுத்துதான். முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு விமானத்துக்கும் அதே சொல்லைப் பார்த்து எழுதியிருந்தார். அந்த வரியைப் பென்சிலால் அடித்தார். பிறகு, "அரை ஆம்பியர்," என்றார்.

மூன்று ஆம்பியர் கையில் இருந்தது. கர்ட் விளக்கை விட்டுக்கொடுத்து, வாயையும் மூடிக்கொண்டதில் வந்தது. துயி அன்று மதியமே இன்குபேட்டருக்கு மேல் ஒரு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினாள். மரிசேலா அதன் கீழே பொம்மைக்குப் பதில் தன் கையை நீட்டிப் பார்த்தார்.

"இது வேண்டாம். இதுல நானே செத்துப்போனவ மாதிரி நீலமா இருக்கேன்."

"கடையில பச்சையும் இருக்கு," என்றாள் துயி.

"நீ ஒரு நாள் என்கூடப் பறந்து பாரு, உன் வாயைத் தைக்கிறேன்."

மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கு மறுநாள் வந்தது. அதன் கீழே மரிசேலாவின் கை கையாக இருந்தது. சோதனையை மறுபடி நடத்தினார்கள். முப்பத்து மூன்று நிமிடம்.

லாவெர்ன் அட்டவணையைத் திருத்தி எழுதி, கடைசிக் கையெழுத்துப் போடும் பொறியாளருக்கு மாடிக்கு அனுப்பினார். இரண்டு மணி நேரத்தில் அது திரும்பி வந்தது. ஒரு வரிக்குப் பக்கத்தில் சிவப்புக் கேள்விக்குறி. ஹேங்கரில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல நடந்தார்கள். மாடியிலிருந்து பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"லாவெர்ன், கேபின் விளக்கை அவசரப் பட்டையில போட்டிருக்க. நோக்கம்னு எழுதியிருக்கிற இடத்துல 'உதடு'ன்னு இருக்கு."

"ஆமா."

"உடம்பு சரியில்லையா உனக்கு?"

"நல்லா இருக்கேன். அந்த விளக்கு குழந்தையோட உதட்டு நிறத்தைப் பாக்க."

"ஒரே சொல்லா எழுதணும்னு எந்தச் சட்டமும் இல்லையேப்பா. விளக்கமா எழுதி அனுப்பு."

லாவெர்ன் எழுதினார். நான்கு வாக்கியங்கள் ஆயின. கட்டத்தில் இடம் போதாமல் பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போனது. பிப்ரவரி இருபத்தாறு, மாலை நாலேகாலுக்குக் கையெழுத்து வந்தது. பழைய விமானத்தின் குத்தகை நீட்டிக்கப்படவில்லை.

ஜெட்டை எடுத்துப்போக வந்த மரிசேலா, பெற்றுக்கொண்டதற்கான தாளில் கையெழுத்திடும்போது அட்டவணையின் அடி வரியைப் பார்த்தார். மிச்சம்: இரண்டரை.

"இதை என்ன பண்ணப் போறீங்க?"

"அப்படியே வெச்சிருப்பேன் மேம்."

"எதுக்கு?"

"நீங்க சொல்ல மறந்தது இன்னும் ஏதாவது இருக்கும்."

மரிசேலா பேனாவை மூடவில்லை. "இருக்கு," என்றார். லாவெர்ன் பென்சிலை எடுத்தார்.