யன்னலில் இருந்த ஆந்தை

இன்று அலமாரியைத் துடைத்தேன். ஈரத்துணி பட்டதும் களிமண் ஆந்தையிலிருந்து பழைய திருநீற்று மணம் எழும்பியது.

எண்பதுகளில் நாங்கள் கனடாவில் மொன்றியலுக்கு வந்த புதிது. அமெரிக்காவுக்குப் போய்வந்த கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் இதைக் கொண்டுவந்து தந்தார். ஸூனி என்ற பழங்குடிச் சனம் செய்ததாம். வெள்ளை உடம்பு, கபில இறகு, முதுகில் இரண்டு குஞ்சுகள். அப்பாவின் அகதி வழக்கு அடுத்த கிழமை. அது நல்லபடி முடியவேண்டும் என்றே வாங்கினாராம்.

மதாம் படியிறங்கியதும் அம்மா தொடங்கினார். "வழக்கு நேரத்தில ஆந்தையே வீட்டுக்க வாறது? இந்த மூதேவியைக் கொண்டுபோய் எறியுங்கோ."

"எறிஞ்சிட்டு மதாமுக்கு என்ன சொல்லுறது? நாளைக்கும் வருவா." அப்பா அதை ஹீட்டருக்கு மேலே, காலுறைகள் காயும் யன்னலில், முகம் தெருவைப் பார்க்க வைத்தார். "அலறுறதெண்டா வெளியால அலறட்டும்."

மறுநாள் மதாம் அதைக் கண்டு கைதட்டினார். பள்ளிக்கூடப் பிரெஞ்சை வைத்து நான் அம்மாவுக்குச் சொன்னேன். "அந்தச் சனத்துக்கு ஆந்தைதான் வீட்டுக்குக் காவலாம். காவல்காரனைத் தெருவைப் பார்க்க வைச்சது நல்ல மூளையாம்."

அப்பா மீசையைத் தடவினார்.

வழக்கு வென்ற அன்று அம்மா ஆந்தைக்குத் திருநீறு பூசினார். குஞ்சுகளுக்கும் பூசினார்.

துடைத்து முடிக்குமுன் பியர்பொன்ட்ஸில் அக்கா வீட்டிலிருந்து அம்மாவின் போன் வந்தது. அக்காவின் மகனுக்கு நாளை வேலைக்கு நேர்முகமாம்.

"தம்பி, அந்த மூதேவியை ஒருக்காக் கொண்டுவாவன்."