பட்டுச்சேலையோடு பறித்த முந்திரிகை

போன கிழமை வீடு மாறுவதற்காக அலமாரியை ஒதுக்கும்போது என் நீலப் பட்டுச்சேலை அகப்பட்டது. கரையோரம் கையகலத்துக்கு ஊதாக் கறை. எறியச் சொன்னாள் மகள். முந்திரிகைச் சாறு பிள்ளை என்றேன். திராட்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில் இருந்தோம். சனிக்கிழமைகளில் நான் ஒஸ்லோவுக்குத் தெற்கே, கடலைப் பார்த்த மலைச்சரிவில் ஆர்னே என்பவருடைய வைன் தோட்டத்துக்கு வேலைக்குப் போவேன். நோர்வேயில் முந்திரிகையா என்று சிரிக்காதீர்கள். அயலவர்கள் போதுமான அளவு சிரித்துவிட்டார்கள். வெயில் நாட்டுக்காரிக்குக் கொடி வெட்டத் தெரியும் என்று ஆர்னே நம்பினார். நான் மன்னார்க்காரி, மீன் வெட்டத்தான் தெரியும். முதல் நாளே காய்க்கவேண்டிய கொடிகளாகப் பார்த்து வெட்டிவைத்தேன். மனிதர் ஏசவில்லை.

அவருடைய வீட்டிலேயே போதிய கோபதாபம் இருந்தது. மூன்று தலைமுறையாக அப்பிள் நின்ற சரிவு அது. மரங்களைத் தறித்துக் கொடி நட்ட நாளிலிருந்து, சரிவின் உச்சியில் மேல்வீட்டில் இருந்த தகப்பன் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. மகனோடு கதைப்பதும் இல்லை.

ஒரு ஒக்டோபர் ஞாயிறு, அந்த நீலப் பட்டுச்சேலையோடு பூசைக்கு வெளிக்கிடும்போது ஆர்னே தொலைபேசி எடுத்தார். அன்றிரவு உறைபனியாம், பழம் முழுக்கக் கொடியிலாம், ஆள் இல்லையாம். பூசை முடிய, மாதா கோயில் வாசலில் நின்ற எங்கள் ஆட்களிடம் சொன்னேன். வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் பத்து வருடம் மீன் வெட்டிய பிலோமினாக்கா ஒன்றுதான் கேட்டார்.

"அங்கை கத்தி கிடக்கோ, நாங்கள் கொண்டுபோக வேணுமோ?"

ஆறு கார்களில் போனோம். சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை, காலில் ஆர்னே வீட்டு றப்பர் சப்பாத்து. குலை வெட்டி வெட்டி விரல் விறைத்தது. மூன்று மணிக்குப் பெட்டிகள் நிறைந்துவிட்டன. பாதிச் சரிவு மிச்சம். ஆர்னே வெறுங்கையோடு நின்றார்.

அப்போது மேல்வீட்டிலிருந்து உழவு இயந்திரம் ஒன்று இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் ஆர்னேயின் தகப்பன், அந்தக் கிழவர். பின்னால் பழைய அப்பிள் பெட்டிகள். மகனின் முகத்தைப் பாராமல், நோர்வேஜிய மொழியில், "இதுகளும் சும்மாதானே கிடக்குது" என்றார். இறங்கி என் பக்கத்தில் நின்று பறிக்கத் தொடங்கினார். ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டுப் புளிக்குது என்றார். துப்பவில்லை.

இருட்டமுன் கடைசிக் கொடியும் வெறுமையானது. தகப்பனும் மகனுமாக ஒரு பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். என் கண் கலங்கியது. குளிர்க்காற்று என்று சமாளித்தேன்.

சில வருடங்களில் கிழவர் போய்ச்சேர்ந்தார், பிறகு ஆர்னேயும். நிலம் விலைப்பட்டது. பிலோமினாக்கா கனடாவுக்குப் போய்விட்டார். இந்தக் கோடையில் அந்தப் பக்கம் போனபோது பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்தேன். சரிவு முழுக்க வெள்ளை வீடுகள். ஒரு வாசலில் நின்ற பெண் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். இங்கே முந்திரிகை நின்றது, அதற்கு முதல் அப்பிள் நின்றது என்றேன். எட்டு வருடமாக இருக்கிறாளாம். ஒருவரும் சொல்லவில்லையாம்.