கட்சிக்கொடி வண்டியில் வந்த பத்தாவது ஆள்

போன சட்டமன்றத் தேர்தல் சமயம். வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. நான் மதுரை ஒத்தக்கடையில பிளவுஸ் தைக்கிற கடை வச்சிருக்கேன். அரசியல்னாலே எனக்கு ஆகாது. கட்சிக்காரங்கன்னா சுத்தமா ஆகாது. கேட்காம கொள்ளாம கடைச் சுவத்துல சின்னம் வரைவாங்க, ஏன்னு கேட்டா முறைப்பாங்க. சரி, அதை விடுங்க.

அப்படிப்பட்ட நான்தான் அன்னைக்கு ஒரு சுயேச்சை வேட்பாளருக்காக நாய் படாத பாடு பட்டேன்.

வேட்பாளர் வேற யாருமில்ல, எங்க காலனி அக்கா. காலேஜ் பிள்ளைங்களை ஏத்தாமப் போற பஸ்ஸை நிப்பாட்ட வச்சது, வாய்க்கால் அடைப்பை எடுக்க வச்சது எல்லாம் அவங்க அலைஞ்சு திரிஞ்சு செஞ்சதுதான். கட்சியில சேரச் சொல்லி ஆள் வந்துச்சு. "பேசறதுக்கு முன்னாடி மேலிடத்துல கேட்கணும்பாங்க, எனக்கு அது சரிப்படாது"ன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் தானே சுயேச்சையா நிக்கிறேன்னுட்டாங்க. எங்களுக்கெல்லாம் ஒரே குஷி.

பெரிய கட்சி வேட்பாளரை ஒரு ஆள் முன்மொழிஞ்சா போதும். சுயேச்சைக்குப் பத்து பேர் வேணும், பத்து பேரும் அந்தத் தொகுதி வாக்காளரா இருக்கணும். நாங்க என்ன செஞ்சோம்? ரோடு கேட்டு, லைட்டு கேட்டு மனு எழுதிப் பழகின கைகளாச்சே, அதே மாதிரி வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்கினோம். எங்க தெரு பூக்கார மதினிக்குக் கையெழுத்துப் போட வராது. முத்திரை மையைத் தேய்ச்சு, பெருவிரலைப் பிடிச்சு நானே ஜம்முனு ரேகை வச்சேன். வேலை முடிஞ்சுதுன்னு பாயசம் வேற குடிச்சோம்.

மனு வாங்குற ஆபீஸ்ல சரிபார்க்கிற அம்மா அந்த ரேகையைப் பார்த்ததும் நிமிர்ந்து பார்த்தாங்க. கையெழுத்துன்னா எங்க வேணாலும் போடலாமாம். ரேகைன்னா அதிகாரி முன்னாடிதான் வைக்கணுமாம். இது செல்லாதுன்னுட்டாங்க. மூணு மணியோட கதவைச் சாத்திருவாங்க. பத்துல ஒண்ணு குறைஞ்சாலும் மனு தள்ளுபடி. அக்கா முகம் செத்துப் போச்சு.

வேற ஆள் பிடிக்கலாம்னு தெரிஞ்சவங்களுக்கெல்லாம் போன் அடிச்சேன். ஒருத்தர் ஊர்ல இல்ல. இன்னொருத்தருக்கு மச்சினன் கட்சிக்காரன், வம்பு வேணாங்கிறாரு. மதினியைத்தான் கூட்டியாரணும். அது வெள்ளிக்கிழமைன்னா வண்டியூர் மாரியம்மன் கோயில் வாசல்ல பூ விக்கும், கூட்டத்துல போனை எடுக்கவே எடுக்காது. "நீங்க டோக்கன் வாங்கி உள்ள இருங்கக்கா, நான் இந்தா வாரேன்"னு ஸ்கூட்டியை முறுக்கினேன்.

கோயில் வாசல்ல வியாபாரம் சூடு பிடிச்சிருந்துச்சு. விஷயத்தைச் சொன்னதும் மதினி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "நான் வந்தாத்தான் ஆகுமா?"

"நீ வந்தாத்தான் மதினி."

அம்புட்டுதான். கூடையைப் பக்கத்துக் கடைக்காரம்மா பக்கம் தள்ளிட்டு, கட்டிக்கிட்டிருந்த சரத்தோட பின்னாடி ஏறிருச்சு.

ஆபீஸ் ரோட்டுக்கு வந்தா, அடக் கடவுளே! பெரிய கட்சி ஒண்ணோட ஊர்வலம். கொட்டு, வெடி, ஆட்டம். ஸ்கூட்டி ஒரு அடி நகரல. மூணாகக் கொஞ்ச நேரம்தான் இருக்கு. முன்னாடி கரைவேட்டி கட்டின தொப்பைக்காரர் ஒருத்தர் கொடி கட்டின பைக்கைக் குறுக்க நிப்பாட்டிக் கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கிட்டிருந்தாரு. எனக்கு வந்துச்சே கோவம்!

"ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? வழிய விடுய்யா!"

"எதுக்கு தங்கச்சி இம்புட்டுக் கத்து கத்துற? ஆஸ்பத்திரிக்கா?"

நான் மூச்சு வாங்க எல்லாத்தையும் சொன்னேன். "சுயேச்சைக்கா!"ன்னு பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. மணியைப் பார்த்தாரு. "உன் ஸ்கூட்டி இதுக்குள்ள போகாது. அந்தம்மாவை என் வண்டியில ஏத்து."

நான் யோசிக்கிறதுக்குள்ள மதினி ஏறி உட்கார்ந்திருச்சு. "டேய் மாப்ள, வழி விடுங்கடா!"ன்னு அவர் போட்ட சத்தத்துல கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சுச்சு. தங்களோட கட்சி மகளிரணின்னு நினைச்சு யாரோ மதினி தோள்ல ஒரு கட்சித் துண்டைப் போட்டாங்க. கோஷம் வேற! கையில பூச்சரம், தோள்ல துண்டு, முன்னாடி கொடின்னு பெரிய தலைவி கணக்கா மதினி போகுது, நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் பின்னாடி ஓடுறேன். மனசு பூராம் பயம். எங்கயாச்சும் சந்துல எறக்கி விட்டுட்டுப் போயிட்டான்னா? கட்சிக்காரனை நம்பிட்டோமேன்னு என்னையே திட்டிக்கிட்டு ஓடினேன்.

போலீஸ் தடுப்புக்கிட்ட போனா, அவர் தனியா வேர்வையைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாரு. கையில அந்தத் துண்டு. "உள்ள அனுப்பியாச்சு தங்கச்சி. இதோட போனா விடமாட்டாங்கன்னு வாங்கி வச்சுக்கிட்டேன்"ங்கிறாரு.

அந்நேரம் பார்த்து அவங்க வேட்பாளர் மாலையும் கழுத்துமா உள்ள போறாரு. கூடப் போக வேண்டிய ஆள் இவர் எங்கூட நிக்கிறாரு. "என்னண்ணே, எதிராளிக்கு வேலை பாக்குறீங்களா?"ன்னு ஒருத்தன் கோவமாவே கேட்டுட்டுப் போனான். எனக்குச் சங்கடமாப் போச்சு. ஏண்ணே செஞ்சீங்கன்னு கேட்டேன்.

"வார்டு எலெக்‌ஷன்ல எனக்கு சீட்டுத் தரல. கோவத்துல சுயேச்சையா நிக்கப் போனேன். பேப்பரோட ஓடியாந்தா, கதவைச் சாத்திட்டாங்க. தோத்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். நிக்கவே முடியலையே, அதான் இன்னும் ஆறல." சொல்லிட்டு உடனே விறைப்பா, "ஓட்டு எங்களுக்குத்தான் போடணும், சொல்லிட்டேன்"னாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு.

கொஞ்ச நேரத்துல மதினி பெருவிரலைத் தூக்கிக் காட்டிக்கிட்டே வெளிய வந்துச்சு. பின்னாடியே அக்கா. மனு போயிருச்சு! அந்த அண்ணனை அக்காகிட்ட காட்டலாம்னு திரும்பினா, அவர் கூட்டத்துக்குள்ள போயிட்டாரு. பேர்கூடக் கேட்டு வைக்கல.

அக்கா ஜெயிக்கல. டெபாசிட்டும் போச்சு. ஆனா எங்க பூத்துல ரெண்டாவது எடம், அந்தச் சந்தோஷத்துக்குத் தெரு பூராம் கேசரி கிண்டிக் கொடுத்தோம். மறுவாரமே அக்கா தெருவிளக்குக்கு மனு எழுத உட்கார்ந்துட்டாங்க. அந்த அண்ணன் கேட்ட ஓட்டை மட்டும் நான் போடல, அதுக்கு அவர் மன்னிக்கணும்.

இப்பவும் ஊர்வலம் வந்து ரோட்டை மறிச்சா வாய் தன்னால திட்டத்தான் செய்யுது. ஆனா அந்தக் கூட்டத்தை மொத்தமா ஒரே ஆளா நினைச்சுத் திட்ட மட்டும் அன்னையிலருந்து என்னால முடியல.