நூற்று இருபத்தேழு டிகிரி

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறைதான் என் அலுவலகம். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கம்ப்யூட்டரில் அப்போதுதான் லினக்ஸ் போட்டிருந்தேன். புதுசு என்பதால் சும்மா இருக்க முடியவில்லை, எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பேன். கறுப்புத் திரையில் ‘சென்சர்ஸ்’ என்று தட்டினால் பெட்டிக்குள் எங்கெங்கே எவ்வளவு சூடு என்று காட்டும் என எங்கோ படித்து, ஒரு சனிக்கிழமை காலை தட்டிப் பார்த்தேன்.

சீபியூ நாற்பத்தொன்று. மதர்போர்டு முப்பத்தாறு. அதற்குக் கீழே வாயில் நுழையாத பெயரோடு இன்னொரு வரி: நூற்று இருபத்தேழு டிகிரி.

பத்து தடவை தட்டினேன். பத்து தடவையும் அதே எண்.

ஏர்கோனைப் பதினாறில் வைத்தேன். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, வேக்குவம் குழாயை உள்ளே விட்டுத் தூசியை உறிஞ்சினேன். ஹாலில் இருந்த மேசை ஃபேனைத் தூக்கிவந்து பெட்டிக்கு நேராகத் திருப்பினேன். குளிர் தாங்காமல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினேன். நூற்று இருபத்தேழு.

மூன்று மணிக்கு மனைவி காலை ஷிஃப்ட் முடிந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“ஹால் ஃபேன் எங்கங்க?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள், என் ஜாக்கெட்டைப் பார்த்து நின்றாள். “ஜுரமா?”

“எனக்கில்ல, இதுக்கு. நூத்தி இருவத்தேழு டிகிரி.”

நான் தடுப்பதற்குள் பெட்டிக்குள் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “சில்லுனு இருக்கு.”

“உள்ள இருக்கிற சென்சர் சொல்லுது மா.”

“காலையிலேருந்து ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லையா?”

“இல்ல.”

“அந்த சென்சர் எதுல மாட்டியிருக்கு?”

காலையிலிருந்து சூட்டைக் குறைக்க வழி தேடினேனே தவிர, அதை நான் யோசிக்கவே இல்லை.

“வார்டுல துடிப்பு பார்க்க விரல்ல மாட்டுற கிளிப் கழண்டாலும் மெஷின் கத்தும். நாங்க முதல்ல பேஷண்டைத்தான் பார்ப்போம்,” என்று சொல்லிவிட்டு ஃபேனோடு போய்விட்டாள்.

தேடிப் படித்தேன். சூட்டை அளக்கும் சில்லில் பல கால்கள் இருக்குமாம். போர்டு செய்தவர்கள் சிலவற்றில் மட்டும் சென்சரை இணைப்பார்களாம். மிச்சமுள்ள கால்கள் எதையும் அளக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லும். நூற்று இருபத்தேழு என்பது அந்தச் சில்லால் சொல்ல முடிந்த மிகப் பெரிய எண். அவ்வளவுதான். அமைப்புக் கோப்பில் ‘இதைக் கண்டுகொள்ளாதே’ என்று ஒரு வரி சேர்த்ததும் அந்த எண் மறைந்தது.

ஏர்கோனை அணைத்துவிட்டு நிம்மதியாக வேலையைத் தொடங்கினேன். கால் மணி நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. மறுபடி முடுக்கி, சென்சர்ஸ் தட்டினேன். சீபியூ தொண்ணூற்றாறு.

“இதுவும் பொய்,” என்றேன். இப்போதுதான் விவரம் தெரிந்தவன் ஆயிற்றே. அந்த வரியையும் மறைக்கக் கோப்பைத் திறந்தேன்.

மனைவி சோற்றுத் தட்டோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். இன்னும் மூடாமல் கிடந்த பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

“இந்தச் சின்ன ஃபேன் சுத்தணுமா, சுத்தக் கூடாதா?”

சீபியூ மேல் இருந்த காற்றாடி அசையாமல் நின்றது. காலையில் நான் வேக்குவம் குழாயை விட்டபோது விலகிய ஒரு வயர் அதன் இறக்கைக்குள் சிக்கியிருந்தது. இவ்வளவு நேரம் ஹால் ஃபேனும் ஏர்கோனும்தான் அதைக் காப்பாற்றியிருக்கின்றன. அவசரமாகக் கம்ப்யூட்டரை அணைத்து, வயரை எடுத்து ஓரமாகக் கட்டிவிட்டு முடுக்கினேன். காற்றாடி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் சீபியூ சூடு நாற்பத்துமூன்றுக்கு வந்தது.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?” என்றாள்.

“ஓடிச்சு.”

அவள் சோற்றுத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வேக்குவத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை ஆன்லைன் மீட்டிங்கில் உடன் வேலை செய்பவர் ஒருவர், “வீக்கெண்ட் எப்படிப் போச்சு?” என்று விசாரித்தார்.

“ஹார்ட்வேர்ல ஒரு பிரச்சினை. என்னன்னு கண்டுபிடிச்சு நானே சரி பண்ணிட்டேன் லா,” என்றேன்.

அறை வாசலருகே யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தினாள். நான் மைக்கை அணைத்தேன்.